கழுத்துக் குழாய்க்குத் தமிழில் ஒரு பராமரிப்புத் தாள் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடும் நோயுற்றவர்களின் கழுத்திலோ, காறையெலும்பின் கீழோ, தொடையிடுக்கிலோ உள்ள பெருநாளத்தினூடாகச் செலுத்தப்படும் குழாயை எமது வைத்தியசாலைகளில் ‘சென்ட்ரல் லைன்’ என்றும் ‘கழுத்து லைன்’ என்றும் அழைக்கிறோம். அதைப் போடுவதற்கான சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடும் உறவினர்களிற் பலர், அந்தக் குழாய் எங்கே போய் நிற்கிறது, எத்தனை நாளைக்கு இருக்கலாம், அதைத் தொடுபவர் முதலில் என்ன செய்திருக்க வேண்டும் என்ற எதையும் அறியாமலேயே ஒப்பமிடுகின்றனர். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் குருதிச் சுத்திகரிப்புப் பிரிவிலும் நீண்ட காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், இது குறித்து ஒரு வேண்டுகோளை உங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். இக்குழாய் போடப்பட்ட ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும், போட்ட நாளும் பராமரிக்கும் முறையும் தெளிவான தமிழில் எழுதப்பட்ட ஒரு தாள் தொங்க வேண்டும். குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படுபவரின் கையில் அதன் பிரதி ஒன்று கட்டாயம் கொடுக்கப்பட வேண்டும்.

கையிற் போடும் சாதாரண கனுலா சிறியதொரு நாளத்திலேயே நின்றுவிடும். இதுவோ, கழுத்திலோ காறையெலும்பின் கீழோ போட்டால், வளர்ந்தோருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை உள்ளே சென்று, இதயத்தின் வாசலிலே, மேற்பெருநாளத்தின் கீழ்ப்பகுதியில் தன் நுனியை வைத்துக்கொள்கிறது. குருதி அமுக்கம் விழுந்துபோன நோயாளிக்குக் கொடுக்கப்படும் நோரட்ரினலின் போன்ற மருந்துகள் சிறுநாளத்திலிருந்து வெளியே கசிந்தால் அவ்விடத்துச் சதை இறந்துபோகும் என்பதாலும், சில புற்றுநோய் மருந்துகளும் செறிவான ஊட்டத் திரவங்களும் சிறுநாளங்களைப் பொசுக்கிவிடும் என்பதாலும், சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியை இயந்திரத்துக்கு வேகமாக எடுத்துத் திருப்பி விடுவதற்குப் பெரிய வழி வேண்டும் என்பதாலும் இக்குழாய் தேவைப்படுகிறது. உயிர்காக்கும் கருவி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் தோலிலிருந்து இதயம் வரை இப்படி நேர்வழி ஒன்றைத் திறந்து வைத்தால், மருந்து போகும் அதே வழியாற் கிருமியும் போகும், காற்றும் போகும்.

குழாயைப் பாதுகாப்பாகப் போடும் முறையில் இப்போது பெரிய கருத்து வேறுபாடுகள் இல்லை. 1953 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கதிரியல் வைத்தியர் செல்டிங்கர் வகுத்த முறையே இன்றும் பின்பற்றப்படுகிறது: ஊசியால் நாளத்தைக் குத்தி, ஊசியினூடாக மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தி, ஊசியைக் கழற்றி, கம்பியின் மேலாகக் குழாயை ஏற்றி, கடைசியிற் கம்பியை உருவி எடுப்பது. அந்தக் கம்பியின் வெளிநுனி போடுபவரின் விரல்களை விட்டு ஒரு கணமும் அகலக்கூடாது. முடிந்ததும் கம்பி வெளியே வந்துவிட்டதா என்று பக்கத்தில் நிற்கும் தாதி வாய்விட்டுக் கேட்க வேண்டும். கம்பி உள்ளேயே தங்கிவிட்ட சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன என்பதால் இந்தக் கேள்வியை எவரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளலாகாது. கழுத்து நாளத்துக்கு அருகிலேயே மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெரிய நாடி ஓடுவதால், அல்ட்ராசவுண்ட் கருவியால் நாளத்தைக் கண்ணாற் பார்த்துக்கொண்டே குத்துவதுதான் முறை. சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2002 ஆம் ஆண்டிலேயே இதனைப் பரிந்துரைத்துவிட்டது. போட்டபின் எக்ஸ்ரே எடுத்து, நுனி உரிய இடத்தில் நிற்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்துவிட்டதா என்று பார்த்த பிறகே மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும்.

கிருமியைத் தடுப்பதற்கான ஆயத்தம் இதைவிட எளியது. எளியது என்பதாலேயே அவசரத்தில் முதலிற் கைவிடப்படுவதும் அதுதான். போடுபவர் கைகழுவி, தொப்பியும் முகக்கவசமும் கிருமிநீக்கிய மேலங்கியும் கையுறையும் அணிந்து, நோயாளியின் தலை முதல் கால் வரை கிருமிநீக்கிய பெரிய துணியால் மூட வேண்டும். குத்தும் இடத்தில் மட்டும் சிறு துண்டொன்றை விரித்துவிட்டு வேலையைத் தொடங்குவது போதாது. நீண்ட கம்பி துள்ளி மூடப்படாத இடத்தில் ஒருமுறை பட்டாலே செய்த ஆயத்தம் அத்தனையும் வீணாகிவிடும். தோலை அற்ககோல் கலந்த குளோரெக்சிடின் என்ற கிருமிகொல்லியால் அழுத்தித் தேய்த்து, அது தானாகக் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரம் காயுமுன் துணியால் ஒற்றி எடுக்கும் பழக்கம் பல இடங்களில் இன்னமும் உண்டு. அந்த மருந்து காயும் நேரத்திலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் ஒருவரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

குழாயை எந்த இடத்திற் போடுவது என்பதும் பின்விளைவுகள் உள்ள தீர்மானம். தொடையிடுக்கு அவசரத்துக்கு வசதியானது. ஆனால் வியர்வையும் மலசலமும் படக்கூடிய இடம். காறையெலும்பின் கீழ்ப் போடுவதில் தொற்றும் குருதி உறைவும் குறைவு, நுரையீரல் குத்துப்படும் ஆபத்தோ கூடுதல் என்பதை 2015 இல் வெளியான பெரிய பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது. ஆனால் சிறுநீரக நோயாளிக்குக் காறையெலும்பின் கீழ்ப் போடுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். அங்குள்ள நாளம் பிற்பாடு சுருங்கிவிட்டால், அந்தப் பக்கக் கையில் குருதிச் சுத்திகரிப்புக்காக நாளத்தையும் நாடியையும் இணைத்து நிரந்தரமாக அமைக்க வேண்டிய பிஸ்துலா பயன்படாமற்போய்க் கை வீங்கத் தொடங்கும். அதே காரணத்துக்காகவே, பிஸ்துலா அமைக்கவிருக்கும் கையில் ஊசியோ கனுலாவோ போட வேண்டாம் என்று நோயாளியே துணிந்து சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பீற்றர் புரோனோவோஸ்ற் என்ற வைத்தியரின் தலைமையில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் செய்து 2006 இல் வெளியிடப்பட்ட ஆய்வை இத்துறையினர் யாவரும் அறிவர். அங்கே புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. கைகழுவுதல், முழு உடலையும் மூடும் துணி, குளோரெக்சிடின், தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயைக் கழற்றுதல் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அவை ஒவ்வொன்றாகச் செய்யப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பைத் தாதியிடம் கொடுத்தார்கள். ஒன்று தவறினாலும், அவசர நிலை அல்லாத வேளையில், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தையும் தாதிக்கே கொடுத்தார்கள். 1000 குழாய்-நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய்-நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த குருதித் தொற்று, ஒன்றரை ஆண்டளவில் 1.4 ஆகக் குறைந்தது. இந்த வெற்றியிற் பெரும் பங்கு தாதியின் அந்த அதிகாரத்துக்கே உரியது என்பது எனது உறுதியான எண்ணம். எமது விடுதிகளில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களேயான ஒரு தாதிப் பிள்ளை, மூத்த வைத்தியரைப் பார்த்து, “சேர், கொஞ்சம் பொறுங்கோ, கையுறை கட்டில் விளிம்பிலை பட்டிட்டுது” என்று சொல்வது இலகுவான காரியமல்ல. அதை எழுத்திலான நடைமுறையாக்கி நிபுணர்களே ஒப்பமிட்டு வைத்தாற்றான், அந்தப் பிள்ளையின் வாய் திறக்கும். சொல்லப்பட்டதும் “நன்றி, பிள்ளை” என்று கையுறையை மாற்றிக்கொண்ட வைத்தியர்களோடும் நான் பணியாற்றியிருக்கிறேன். அவர்களுடைய விடுதிகளில் தாதியர் அச்சமின்றி வாய்திறந்தனர் என்பதை நேரிற் கண்டவள் நான்.

குழாய் போட்டு முடிவதோடு வைத்தியரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தாதியின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. முதற் சில நாட்களிற் கிருமிகள் பெரும்பாலும் தோலிலிருந்து குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. நாட்கள் செல்லச் செல்ல, மருந்து ஏற்றும் முனைகளினூடாக, எமது கைகளிலிருந்தே அவை உட்புறம் செல்கின்றன. உள்ளே சென்றவை கிணற்றுக் கட்டில் பாசி பிடிப்பதுபோல் குழாயின் சுவரில் வழுவழுப்பான படலமொன்றை உண்டாக்கி அதனுள் ஒளிந்துகொள்வதால், எவ்வளவு விலையுயர்ந்த அன்ரிபயோரிக் கொடுத்தாலும் பல வேளைகளிற் குழாயைக் கழற்றாமற் காய்ச்சல் அடங்குவதில்லை. எனவே ஒவ்வொரு தடவையும் முனையைத் திறக்குமுன் அற்ககோல் தோய்த்த பஞ்சால், அதன் வாயையும் புரிகளையும் சேர்த்து 15 செக்கனாவது முறுக்கித் தேய்த்து, காயவிட்டே சிரிஞ்சைப் பொருத்த வேண்டும். ஒரு பொழுதிற் பல நோயாளிகளுக்குப் பல தடவை மருந்து ஏற்றும் தாதிக்கு அந்த 15 செக்கன் எவ்வளவு பாரம் என்பது எனக்குத் தெரியும். ஆட்பற்றாக்குறை உள்ள விடுதியில் முதலிற் குறைவது இந்தத் தேய்ப்பின் நேரம்தான் என்பதால், தாதியர் வெற்றிடங்களை நிரப்புவதும் தொற்றுத் தடுப்பின் ஓர் அங்கம் என்பதை நிர்வாகிகள் உணர வேண்டும்.

குத்திய இடத்தின் மேல் ஒட்டப்படும் கண்ணாடி போன்ற மருந்துக்கட்டை 7 நாட்களுக்கு ஒரு தடவையும், துணிக்கட்டானால் 2 நாட்களுக்கு ஒரு தடவையும் மாற்ற வேண்டும் என்பது விதி. அந்த விதிக்குள் இன்னொன்றும் இருக்கிறது: நனைந்தாலோ, அழுக்கடைந்தாலோ, விளிம்பு கிளம்பினாலோ அன்றைக்கே, அப்போதே மாற்ற வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில் மின்விசிறியும் எட்டாத மூலைக் கட்டிலிற் படுத்திருப்பவருக்கு எந்த ஒட்டும் ஏழு நாள் தாங்காது. கழுத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், தாடி மயிர் முளைத்த இடத்தில் ஒட்டின் கீழ்விளிம்பு சுருண்டு, அதனடியில் வியர்வை ஒரு கோடாகத் தேங்கி நிற்பதைக் காணலாம். அதன் மேல் இன்னொரு பிளாஸ்டரை ஒட்டிவிட்டுப் போவது மாற்றியதாகாது. கழற்றி, குளோரெக்சிடினாற் சுத்தமாக்கி, சிவப்போ சீழோ உண்டா என்று பார்த்து, புதியதை ஒட்டி, அதன் மேல் திகதியை எழுத வேண்டும்.

நாள்தோறும் விடுதிச் சுற்றில், “இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?” என்று யாராவது ஒருவர் கேட்டேயாக வேண்டும். குருதி அமுக்கம் தேறிவிட்டது, நோயாளி வாயால் உண்கிறார், கையில் நல்ல நாளம் இருக்கிறது. ஆயினும் குருதி எடுக்க வசதியாக இருக்கிறதென்ற ஒரே காரணத்துக்காகக் குழாய் அப்படியே கிடக்கிறது. இந்த வசதிக்காக நோயாளி ஒவ்வொரு நாளும் ஆபத்தைச் சுமக்கிறார். கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ உயிராபத்தான நிலையில் மாற்றி அனுப்பப்படுபவருக்கு அவசரத்தில், முழு ஆயத்தமின்றிப் போடப்பட்ட குழாயை 48 மணித்தியாலத்துக்குள் மாற்ற வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. அவசரத்தில் அப்படிப் போட்டதிற் குற்றமில்லை; ஆனால் எப்படிப் போடப்பட்டதென்பது மாற்றுக் கடிதத்தில் எழுதப்படாவிட்டால், இங்கே பொறுப்பேற்பவருக்கு அது தெரியவராது.

இனி, என்னை இக்கடிதம் எழுதவைத்த விடயத்துக்கு வருகிறேன். சிறுநீரகம் செயலிழந்த எனது உறவினர் ஒருவர், பிஸ்துலா முதிரும்வரை கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். பார்க்கப் போனபோது, கோயிலால் வந்த அவருடைய தமக்கையார் பாசத்தோடு அவரின் நெற்றியிலும் கழுத்திலும் நெஞ்சிலும் திருநீறு பூசிவிட்டிருந்தார். மருந்துக்கட்டின் கிளம்பிய ஓரத்தினுள்ளே வெண்பொடி சென்று படிந்திருந்தது. முதல்நாள் கிணற்றடியில் வாளியால் அள்ளித் தலையில் வார்த்துக் குளித்திருக்கிறார். நனைந்த கட்டை வீட்டில் இருந்த துணியால் துடைத்து, பிளாஸ்டரை அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் அக்கறையற்ற குடும்பமல்ல. அவரை ஒருநாளும் தனியே விடாத குடும்பம். வைத்தியசாலையிற் கொடுத்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். குழாயைச் சுத்தமாகவும் ஈரமின்றியும் வைத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில், கையெழுத்தில் இருந்தது. அந்த வீட்டில் அதை வாசிக்கக் கூடியவர் எவரும் இல்லை. “குளிக்கக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே, அக்கா” என்று அவர் சொன்னபோது, என்னாற் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த தடவை இயந்திரத்தில் இணைத்துச் சிறிது நேரத்திலேயே அவருக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் கண்டன; குழாய் கழற்றப்பட்டு, வாரக்கணக்கில் மருந்து ஏற்றிய பிறகே அவர் தேறினார்.

எனவே அந்தத் தாளில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதையும் கூறிவிடுகிறேன். கழுத்துக்குக் கீழே ஈரத்துணியாற் துடைத்துக் குளிக்கலாம், தலையில் நீர் வார்க்கக் கூடாது. தலைமுழுக வேண்டுமானால் படுத்தபடி தலையைப் பின்னே தொங்கவிட்டு, மருந்துக்கட்டின் மேல் நீர் படாமல் இன்னொருவர் கழுவிவிட வேண்டும். திருநீறு, சந்தனம், எண்ணெய், பவுடர் எதுவும் கட்டின் அருகில் வரக்கூடாது. நெற்றியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழாயின் மூடியை வீட்டில் ஒருவரும் திறக்கக் கூடாது. குருதிச் சுத்திகரிப்புக்கான குழாயில் வேறு வைத்தியசாலையிலோ தனியார் கிளினிக்கிலோ மருந்து ஏற்றவோ குருதி எடுக்கவோ முற்பட்டால் நோயாளி மறுக்கலாம். இயந்திரத்தில் இணைக்கும்போதும் கழற்றும்போதும் தாதி மட்டுமன்றி நோயாளியும் முகக்கவசம் அணிய வேண்டும். காய்ச்சலோ நடுக்கமோ கண்டால், வீட்டிலிருக்கும் பனடோலைப் போட்டுக்கொண்டு மறுநாள்வரை பார்த்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்கு வர வேண்டும். வந்ததும், அன்ரிபயோரிக் தொடங்குமுன் குழாயிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியே குருதி மாதிரி எடுக்கப்பட வேண்டும் என்பதையும் உறவினர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

காற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும், ஏனெனில் இதைப் பொதுமக்கள் மட்டுமல்லாமல் விடுதியில் வேலை செய்வோரிற் சிலரும் பாரதூரமாக எடுப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சினுள் அமுக்கம் வெளியிலுள்ளதைவிடக் குறைகிறது. அந்த வேளையில் மூடி கழன்றிருந்தால் சில கணங்களிலேயே காற்று இதயத்துக்குள் உறிஞ்சப்பட்டு உயிரைப் பறித்துவிடலாம். எனவே மூடி கழன்றால் உடனே அதற்குக் கீழேயுள்ள கவ்வியை இறுக்கி, நோயாளியை இடப்பக்கமாகச் சரித்து, தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழைக்க வேண்டும். குழாயே முழுவதும் வெளியே வந்துவிட்டால், படுக்கவைத்து, சுத்தமான துணியால் அவ்விடத்தை விடாது அழுத்திப் பிடித்தபடி கொண்டுவர வேண்டும். விடுதியில் நாமே கழற்றும்போதும் இதே நியாயந்தான்: கதிரையில் இருத்திவைத்துக் கழற்றலாகாது. படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி இழுத்து, ஐந்து நிமிடமாவது அழுத்தி, காற்றுப் புகாத கட்டுப் போட்டு, அரை மணி நேரமாவது எழும்பவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

இத்தகைய தாளொன்றைத் தமிழில் ஆக்குவது எமக்குப் புதிய முயற்சியல்ல. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்றியலிலிருந்து பிரசவ வைத்தியம் வரையான நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த மண் இது. 1978 இலிருந்து மருத்துவ பீடமும், அதனோடு தாதியர் பயிற்சிக் கல்லூரியும், போதனா வைத்தியசாலையும் உள்ள ஊரில், ஒரு பக்கத் தாளொன்று தமிழில் இல்லை என்று ஒரு சிறுநீரக நோயாளியின் தமக்கையாருக்கு எவ்வாறு விளக்குவது?

போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும் ஏனைய ஆதார வைத்தியசாலைகள் மாகாணத் திணைக்களத்தின் கீழும் இருப்பதால், இரண்டு தரப்பும் ஒரே தாளை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஓரிடத்திற் போட்ட குழாயோடு இன்னோரிடத்துக்குப் போகும் நோயாளி இரு விதமான அறிவுரைகளைக் கேட்க நேரிடும். தெல்லிப்பழையிற் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் கையிலும் நெஞ்சிலும் போடப்படும் நீண்டகாலக் குழாய்களுக்கு வேறு பராமரிப்பு முறை உண்டு என்பதால், அவர்களுக்குத் தனியான தாள் வேண்டும். இவற்றின் முதல் வரைவைத் தமிழில் எழுதித் தருவதற்கு ஓய்வுபெற்ற தாதியர் நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். தொற்றுத் தடுப்புப் பிரிவுகளின் நுண்ணுயிரியல் நிபுணர்களும் சிறுநீரக நிபுணர்களும் அதைத் திருத்தி ஒப்பமிட்டு உதவினால், அச்சிடும் செலவை ஏற்க முன்வரும் நல்லுள்ளங்கள் எமது ஊரிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கின்றன. இதனை வாசிக்கும் வைத்தியசாலைப் பணிப்பாளர்கள் இப்பத்திரிகையினூடாகவே தமது விருப்பத்தைத் தெரிவித்தால், நாம் வந்து சந்திப்போம்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற தாதிய சகோதரி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.